பிரீமியம் காரில் சாதாரணப் பெட்ரோல்

அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் ஒரே பம்பில் வரிசையாக மூன்று பொத்தான்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் ஒட்டி, அதில் பெரிய கறுப்பு எண்கள்: 87, 89, 93. மேற்கு மாநிலங்கள் பலவற்றில் மூன்றாவது எண் 91 ஆக இருக்கும். 87 என்பது சாதாரணப் பெட்ரோல்; கடைசி எண் பிரீமியம். சாதாரணத்தைவிடப் பிரீமியத்தின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். அதனால் பிரீமியத்துக்கென்றே வடிவமைத்த காரை வைத்திருப்பவர்களிலும் பலர் 87-ஐ அழுத்திவிடுகிறார்கள். கார் வழக்கம்போல ஓடுகிறது, வித்தியாசமே தெரியவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஓடுவது உண்மைதான். அப்படி ஓடுவதற்காக எஞ்சின் தன் திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது என்பதும் உண்மை. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது, அது பாதுகாப்பான அளவா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் 'சக்தி' என்று நினைப்பது பரவலான தவறு. தானாகத் தீப்பற்றிக்கொள்ளாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு அமுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. 93 ஆக்டேன் பெட்ரோல் ஒரு லிட்டரை எரித்தால், 87 ஆக்டேன் பெட்ரோல் தருவதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் வெப்பம் எதுவும் வராது. எத்தனாலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அதன் ஆக்டேன் எண் எந்தப் பிரீமியம் பெட்ரோலையும்விட அதிகம். லிட்டருக்கு அது தரும் ஆற்றலோ பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்தத் தாங்குதிறன் ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலேறி அமுக்குகிறது. கொள்ளளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது கலவையின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸை நெருங்கும் அல்லது தாண்டும். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பாக ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. அந்தப் பொறியிலிருந்து தீ கிளம்பி அறையின் ஓரங்களை நோக்கிச் சீராகப் பரவுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் இந்த எரிதல் ஏறத்தாழ மூன்று மில்லி விநாடியில் முடிந்துவிடும். கண்ணிமைப்பதைவிடப் பல மடங்கு வேகம் என்றாலும் இது வெடிப்பு அல்ல, ஒழுங்கான எரிதல். பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க்‌ஷாஃப்ட் 10 முதல் 15 டிகிரி திரும்பியிருக்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தை எட்டினால் இழுவை நன்றாகக் கிடைக்கும். அதற்கேற்பப் பொறி விடும் கணத்தை அமைப்பதுதான் டைமிங்.

தீ பரவும்போது எரிந்த வாயு விரிகிறது. இன்னும் எரியாமல் ஓரத்தில் இருக்கும் கலவையை அது மேலும் நெருக்குகிறது. தீ வந்து சேரும்வரை அந்த ஓரக் கலவை தாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. தாங்காமல் மொத்தமும் ஒரே கணத்தில் தானே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் கிளம்பிச் சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதி மோதித் திரும்பும். சாதாரண அளவுள்ள கார் சிலிண்டரில் இந்த அதிர்வு விநாடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் முறை நிகழும். வெளியே நிற்பவர் காதில், இரும்பில் சிறு சுத்தியலால் தட்டும் ஓசையாக அது விழும். மெக்கானிக்குகள் இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள்.

ஓசையால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கெடுப்பது வெப்பமும் அதிர்ச்சியும். சிலிண்டரில் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும். அப்படியிருந்தும் பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு, அதன் மேற்பரப்பை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம் வெப்பத்தைத் தடுப்பது ஒரு முக்கியக் காரணம். நாக்கிங்கின் அழுத்த அலைகள் இந்தப் படலத்தைக் கலைத்துவிடும். பிறகு வெப்பம் நேரடியாக உலோகத்தில் இறங்கும். பிஸ்டனின் விளிம்பில் அரித்ததுபோலப் பொத்தல் விழும். ரிங் உட்காரும் வரப்பு உடையும். ஹெட் கேஸ்கட் போகும். மேடேறும்போது ஓரிரு விநாடி லேசாகத் தட்டினால் இதெல்லாம் நேர்ந்துவிடாது. பலத்த நாக்கிங் விடாமல் தொடர்ந்தால் நேரும்.

எஞ்சினின் திறனுக்கு எல்லை போடுவது நாக்கிங்தான் என்பதை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ. அதே காலத்தில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கும் தாமஸ் மிட்ஜ்லியும் அதற்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்டுபிடித்தது டெட்ராஎத்தில் ஈயம். சிறு துளி சேர்த்தாலே நாக்கிங் அடங்கியது, மலிவாகவும் இருந்தது. அந்த மலிவுக்கு உலகம் கொடுத்த விலை கொடுமையானது. புகையோடு வெளியேறிய ஈயம் பல பத்தாண்டுகள் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து மூளை வளர்ச்சியைப் பாதித்தது. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது 1996-இல். இந்தியாவில் 2000-இல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-இல்தான் நின்றது. ஈயம் போன பிறகு ஆக்டேனை உயர்த்துவதற்குச் சுத்திகரிப்பு ஆலையில் கூடுதல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. மூலக்கூறுகளைக் கிளைவிட்ட வடிவத்துக்கும் வளைய வடிவத்துக்கும் மாற்றியாக வேண்டும், அல்லது எத்தனாலைக் கலக்க வேண்டும். பிரீமியத்தின் கூடுதல் விலையில் ஒரு பகுதி இந்த வேலைக்கானது.

ஆக்டேன் எண்ணுக்கான அளவுகோலை 1920களில் வகுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர். எளிதில் நாக்கிங் தரும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று அவர் வைத்தார். இந்த இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தால் சோதிக்கும் பெட்ரோலைப் போலவே தட்டுகிறதோ, அந்தக் கலவையில் உள்ள ஐசோ ஆக்டேனின் சதவீதமே அந்தப் பெட்ரோலின் ஆக்டேன் எண். சோதனைக்கென ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமுக்க விகிதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அதை நிமிடத்துக்கு 600 சுற்றில் மிதமான சூட்டில் ஓட்டி அளப்பது ஆர்ஓஎன். 900 சுற்றில், உள்ளே போகும் கலவையை 149 டிகிரிவரை சூடாக்கி அளப்பது எம்ஓஎன். இரண்டாவது சோதனை கடுமையானது. அதே பெட்ரோலுக்கு அதில் எட்டுப் பத்து எண் குறைவாகவே வரும். ஐரோப்பாவும் ஆசியாவும் ஆர்ஓஎன் எண்ணையே பம்பில் எழுதுகின்றன. அமெரிக்கா இரண்டின் சராசரியை எழுதுகிறது; மஞ்சள் ஒட்டியில் எண்ணோடு சிறிய எழுத்தில் 'ஆர் கூட்டல் எம், வகுத்தல் 2' என்ற சூத்திரம் அச்சிட்டிருப்பது இதைச் சொல்லத்தான். ஆகவே அமெரிக்காவின் 87, ஆர்ஓஎன் கணக்கில் சுமார் 91 அல்லது 92. அமெரிக்காவின் 91, ஏறக்குறைய 95 அல்லது 96. அதன் 93, சுமார் 98.

ஒரு தயாரிப்பாளர் தன் எஞ்சினுக்கு அதிக ஆக்டேன் கேட்பது ஆடம்பரத்துக்காக அல்ல. கலவையை எவ்வளவு அதிகம் அமுக்குகிறோமோ, அந்த அளவுக்கு அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். கூடவே நாக்கிங் அபாயமும் ஏறும். மாஸ்டா நிறுவனத்தின் ஸ்கைஆக்டிவ் எஞ்சின் இதற்குத் தெளிவான சான்று. 95 ஆர்ஓஎன் கிடைக்கும் ஐரோப்பாவில் அதன் அமுக்க விகிதம் 14-க்கு 1. 87-ஐயே பெரும்பாலோர் போடும் அமெரிக்காவுக்கு அதை 13-க்கு 1 என்று குறைத்துத் தந்தார்கள். டர்போ எஞ்சினில் கதை இன்னும் கூர்மையாகும். டர்போ காற்றை முன்கூட்டியே அழுத்தித் திணிப்பதால், சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏற்கெனவே உயர்ந்தே தொடங்குகின்றன. சொகுசு கார்களிலும் வேகக் கார்களிலும் பிரீமியம் கேட்பவை பெரும்பாலும் டர்போ எஞ்சின்களாகவோ, அமுக்க விகிதம் அதிகமான எஞ்சின்களாகவோ இருப்பது இதனால்தான்.

இத்தகைய எஞ்சினில் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போனதும் நடப்பது இதுதான். எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சிறு உணரி இருக்கும். நாக் சென்சார் என்று பெயர். அதனுள் இருக்கும் படிகம் அதிர்ந்தால் சிறிதளவு மின்னழுத்தம் எழும். எஞ்சினின் எல்லா அதிர்வுகளுக்கிடையிலும் அந்த ஆறாயிரம் ஏழாயிரம் அதிர்வெண்ணை மட்டும் கணினி பிரித்தெடுக்கிறது. எந்தச் சிலிண்டர் எரியும் கணத்தில் அது வந்தது என்பதையும் கிராங்க்‌ஷாஃப்டின் நிலையை வைத்துக் கண்டுபிடிக்கிறது. உடனே அந்தச் சிலிண்டரின் பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்துகிறது. தாமதமாகப் பொறி விழுந்தால், அழுத்தம் உச்சத்தைத் தொடுவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும், ஓரக் கலவைமீதான நெருக்குதல் குறையும், நாக்கிங் நிற்கும். பிறகு கணினி மெல்ல மெல்லப் பொறியைப் பழைய இடத்துக்கு நகர்த்திப் பார்க்கிறது. மறுபடி தட்டினால் மறுபடி பின்வாங்குகிறது. இந்தப் போராட்டம் பல நிமிடம் நடந்த பிறகு, 'தொட்டியில் இருப்பது குறைந்த ஆக்டேன்' என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கென்று வேறொரு டைமிங் அட்டவணைக்குப் போய்விடும் கணினிகளும் உண்டு. டர்போ எஞ்சினில் டர்போவின் அழுத்தத்தையும் கணினி சேர்த்துக் குறைக்கும். சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே தன் டர்போ கார்களில் இந்த உத்தியைக் கொண்டுவந்தது.

பொறி தாமதமானால் இழுவை குறையும். எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும் நேரம் சுருங்குவதால் அதன் வெப்பம் வீணாகச் சைலன்சர் பக்கம் போகும். அந்தச் சூட்டிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் டர்போவையும் காக்க, முழுப் பளுவில் கணினி கூடுதல் பெட்ரோலைப் பீச்சிக் கலவையைக் குளிர்விக்கும். மைலேஜ் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு குறையும் என்பதைத் தயாரிப்பாளரே அச்சிட்டுச் சொன்ன கார் ஒன்று உண்டு. 2016-இல் அமெரிக்காவில் வந்த மாஸ்டா சிஎக்ஸ்-9 காரின் 2.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 93 போட்டால் 250 குதிரைத்திறன். 87 போட்டால் 227. ஒரே எஞ்சின், ஒரே கார், வித்தியாசம் 23 குதிரைத்திறன். தினசரி ஓட்டத்துக்குத் தேவையான முறுக்குவிசை இரண்டிலும் ஒரே அளவு. எஞ்சினை அதன் எல்லைவரை முடுக்கினால்தான் அந்த 23 தெரியும். அமெரிக்க ஓட்டுநர்கள் அப்படி முடுக்குவது அரிது என்று கணக்கிட்டு, 87-க்கே பொருந்தும்படி அதை வடிவமைத்தது நேர்மையான பொறியியல். 'வித்தியாசமே தெரியவில்லை' என்பவர்களின் கூற்றுக்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏஏஏ 2017-இல் சோதித்தது வேறொரு வகைக் கார்களை: பிரீமியம் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று மட்டும் கையேட்டில் எழுதியிருப்பவை. பிரீமியம் போட்டபோது அவற்றின் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும் கூடின. அதிகபட்சமாகக் காடிலாக் எஸ்கலேடின் மைலேஜ் 7.1 சதவீதம் உயர்ந்தது. ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் குதிரைத்திறன் 3.2 சதவீதம் உயர்ந்தது. 2.7 சதவீத மிச்சத்துக்காக 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விலை கொடுப்பது பணக் கணக்கில் கட்டுப்படியாகாது. பரிந்துரை மட்டும் உள்ள காரில் 87 போடுபவர் எஞ்சினுக்குத் துரோகம் எதுவும் செய்யவில்லை. பாரம் இழுக்கும் நாளிலோ கோடையில் மலையேறும் நாளிலோ பிரீமியம் போட்டுக்கொள்வது நல்லது.

கையேட்டில் 'கட்டாயம்' என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. அந்த எஞ்சினில் பொறியைப் பின்னுக்குத் தள்ளுவதற்கான இடைவெளியைத் தயாரிப்பாளர் ஏற்கெனவே பெரும்பாலும் பயன்படுத்தி முடித்திருப்பார். நாக் சென்சார் அவசரத்துக்கு உதவும் காவல். அதை நம்பி அன்றாடம் ஓட்டுவது சரியல்ல. அது நாக்கிங் நிகழ்ந்த பிறகுதான் விழிக்கிறது. ஒவ்வொரு முறையும் டைமிங்கை முன்னே நகர்த்திப் பார்க்கும்போது சில தட்டல்கள் எஞ்சினில் விழுந்தே தீரும். நாற்பது டிகிரி வெயிலில், ஏசி ஓட, கார் நிறைய ஆட்களோடு மேடேறும்போது கணினி போகக்கூடிய எல்லை முழுவதும் தீர்ந்துபோகலாம்.

சென்சாரால் தடுக்கவே முடியாத கோளாறும் ஒன்று இருக்கிறது. டர்போவும் நேரடி எரிபொருள் பீச்சலும் உள்ள புது எஞ்சின்களில், குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்கும்போது, சிலிண்டருக்குள் சிதறிய ஆயில் துளியோ கரித்துகளோ பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடுவது உண்டு. பொறிக்கு முன்பே பற்றிய தீக்குப் பொறியைத் தாமதப்படுத்தி என்ன பயன்? அதைத் தொடர்ந்து வரும் நாக்கிங் வழக்கமானதைவிடப் பல மடங்கு பலமானது. ஒரே அடியில் பிஸ்டனை உடைத்துவிடக் கூடியது. 2020-இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயிலுக்கு இதற்கெனத் தனிச் சோதனையே உண்டு. ஆயிலில் கவனமாக இருந்துவிட்டு, ஓரக் கலவையின் தாங்குதிறனைப் பெட்ரோலில் குறைப்பது முரண். இப்படி எஞ்சின் கெட்டு, காரணம் எரிபொருள் என்று நிரூபணமானால் வாரண்டி கிடைக்காமலும் போகலாம். நாக் சென்சாரே இல்லாத பழைய கார்பரேட்டர் கார்களில் காதுதான் சென்சார். தட்டல் கேட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

பிரீமியம் கட்டாயமான காரில் தவறுதலாக ஒரு முறை 87 நிரப்பிவிட்டால் தொட்டியைக் காலி செய்ய வேண்டியதில்லை. திடீரென்று முடுக்காமல், கனம் ஏற்றாமல், எஞ்சினைத் திணற விடாமல் ஓட்டி, கால் பங்கு குறைந்ததும் பிரீமியத்தால் நிரப்பினால் போதும். கலவையின் ஆக்டேன் ஏறக்குறைய நேர் விகிதத்தில் உயரும்: பாதி 87, பாதி 93 என்றால் சுமார் 90. கடைகளில் விற்கும் 'ஆக்டேன் பூஸ்டர்' புட்டிகளில் 'ஐந்து புள்ளி உயரும்' என்று இருந்தால் அதை நம்பி ஏமாறக் கூடாது. அந்தத் துறையில் ஒரு புள்ளி என்பது 0.1 ஆக்டேன், 87 என்பது 87.5 ஆகும், அவ்வளவே.

கொலராடோ போன்ற உயரமான மாநிலங்களில் 85 ஆக்டேனும் விற்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் காற்று மெல்லியது. கார்பரேட்டர் காலத்து எஞ்சின்களுக்கு அங்கே அமுக்கம் குறைவாக இருந்ததால் 85 போதுமானதாக இருந்தது. டர்போ எஞ்சின் காற்றைத் தானே திணித்துக்கொள்வதால் உயரம் தரும் அந்தச் சலுகை அதற்கு இல்லை. மலையில் வாங்கிய 85-ஐ நிரப்பிக்கொண்டு சமவெளிக்கு இறங்கும் காருக்கும் இதே நிலைதான். 85 வேண்டாம் என்று பல கையேடுகள் வெளிப்படையாகவே எழுதுகின்றன.

87-க்கென மட்டுமே வடிவமைத்த காரில் பிரீமியம் போடுவதால் கிடைப்பது ஒன்றுமில்லை. தட்டாத எஞ்சினுக்குத் தட்டலைத் தடுக்கும் பெட்ரோல் எதற்கு? எஞ்சினைச் சுத்தமாக வைக்கும் வேதிப்பொருள்களும் பிரீமியத்துக்கு மட்டும் உரியவை அல்ல. சில கார் நிறுவனங்கள் சேர்ந்து 2004-இல் வகுத்த 'டாப் டியர்' தரத்தில் விற்கும் பங்க்குகளில் மூன்று எண்களிலும் அவை கலந்திருக்க வேண்டும். தேவையில்லாத காருக்குப் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஓராண்டில் வீணாக்கும் தொகை 210 கோடி டாலர் என்று ஏஏஏ 2016-இல் மதிப்பிட்டது.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த எண்களைப் படிப்பதில்தான் பெரிய தவறு நேர்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரான பயன்படுத்திய கார்கள் வளைகுடா நாடுகளில் நிறைய விற்பனையாகின்றன. அவற்றை வாங்குபவர்களில் தமிழர்களும் உண்டு. கையேட்டில் 'குறைந்தபட்சம் 91' என்று பார்த்துவிட்டு, துபாய் பங்க்கில் மிக மலிவான ஈ-பிளஸ் 91-ஐ நிரப்பினால் எண் பொருந்தும், பெட்ரோல் பொருந்தாது. அங்கே எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்கக் கணக்கில் அது 87-தான். அந்தக் காருக்கு வேண்டியது ஸ்பெஷல் 95 அல்லது சூப்பர் 98. இந்தியாவின் சாதாரணப் பெட்ரோலுக்கு பிஎஸ்-6 விதி முதலில் வைத்த குறைந்தபட்ச எண்ணான 91-உம், இலங்கை பம்புகளில் உள்ள 92, 95 எண்களும் ஆர்ஓஎன் கணக்கே. அமெரிக்க இணையதளங்களைப் படித்துவிட்டுத் தன் காருக்குப் பெட்ரோல் தேர்ந்தெடுப்பவர், அங்கே காணும் எண்ணோடு நான்கு அல்லது ஐந்தைக் கூட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.